கேள்வித்தாளை முதலில் எழுதுங்கள், யூனிட்டை அப்புறம் பிரிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை, அதைத் தாங்களே போட்டுக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளில் இப்போது மும்முரமாக நடக்கிறது. வேலூர்ப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பல வருடமாக வேதியியல் நடத்துகிறேன். அதோடு சேர்த்து முதலாண்டு மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் கல்வித் தாளும் வருடா வருடம் என் தலையில்தான் விழும். பி.காம்., பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம் என்று எந்தத் துறையில் சேர்ந்தாலும் படித்தே தீரவேண்டிய தாள் அது. அந்த ஒரு தாளை வைத்து, பாடத்திட்டம் என்பது எப்படி இருக்கவேண்டும், இப்போது எப்படி இருக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், மார்க் கணக்கு வரும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்பதே பல ஆசிரியர்களுக்கு மறந்துவிட்டது. 1991இல், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளி கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்தடித்த பிறகு யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு ஓர் ஆறு மாதப் பாடத்திட்டத்தைத் தயாரித்துக் கொடுத்தது. அதை இன்று எடுத்துப் படித்தாலும் ஒன்றும் மோசமில்லை. எட்டு யூனிட், மொத்தம் 50 வகுப்பு. எட்டாவது யூனிட் முழுக்கக் களப்பணி, அதற்கு 5 வகுப்பு. பக்கத்தில் இருக்கும் ஆறு, காடு, மலை ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்த்துப் பதிவு செய்யவேண்டும், மாசுபட்ட ஓர் இடத்தைப் பார்க்கவேண்டும், சுற்றுவட்டாரத்துச் செடி, பூச்சி, பறவைகளைக் கவனிக்கவேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். 100 மார்க்கில் 25 சிறு வினாவுக்கு, 50 கட்டுரைக்கு, மீதி 25 களப்பணிக்கு.

அந்த 25 எங்கே போயிற்று? நம்மூர்க் கல்லூரிகளில் எந்தத் தாளாக இருந்தாலும் ஐந்து யூனிட் என்பது எழுதாத சட்டம். எட்டை ஐந்தாக மடிக்கும்போது ஏதாவது வெளியே போகத்தானே வேண்டும், நான் பார்த்த பாடத்திட்டங்கள் பலவற்றில் முதலில் வெளியே போனது களப்பணிதான். "சுற்றுச்சூழல் கல்வி: வரையறை, நோக்கம், முக்கியத்துவம்" என்ற முதல் யூனிட் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் ஐந்து? காரணம் கேள்வித்தாள். கேள்வித்தாள் எடுப்பவர் பெரும்பாலும் வேறு கல்லூரிக்காரர். அவர் கையில் இருப்பது பாடத்திட்டம் அச்சான ஒரே தாள். பகுதி அ-வில் யூனிட்டுக்கு இரண்டாகப் பத்து இரண்டு மார்க், பகுதி ஆ-வில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து 'அல்லது' கேள்வி, பகுதி இ-யில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். இந்த அச்சில் வார்க்க வசதியாக இருக்கிறது என்பதற்காகவே பாடம் ஐந்தாக வெட்டப்படுகிறது. அப்புறம் விடைத்தாளைத் திருத்துபவர் மூன்றாவது ஆள். அவருக்குப் பாலாறும் ஒன்றுதான், பாலைவனமும் ஒன்றுதான். யாருக்கும் யாரையும் தெரியாத இந்த ஏற்பாட்டில் தப்பு நடக்காது என்பது உண்மை. ஆனால் இந்த ஊரைப் பற்றி ஒரு வரியும் உள்ளே வராது என்பதும் அதே அளவுக்கு உண்மை. மாணவர்கள் இதை நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள். ஐந்து வருடக் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அதுதான் சிலபஸ்.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு மாணவி இருந்தாள், வணிகவியல் படித்தவள். தோலை ஏன் உப்பு போட்டு வைக்கிறார்கள் என்று வகுப்பில் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "உப்பு போடலன்னா அழுகிடும் சார். தோல் ஷாப்ல முதல்ல ஊறவைக்கிற தண்ணியிலதான் அந்த உப்பெல்லாம் இறங்கும், அதுதான் மோசமான தண்ணின்னு எங்கப்பா சொல்வாரு" என்றாள். தோல் ஷாப் என்றால் எங்கள் பக்கம் தோல் பதனிடும் ஆலை. பாலாற்றங்கரைக் கிணறுகள் ஏன் உப்புக் கரித்தன என்பதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது, எந்தக் கைடிலும் இல்லாத பதில். செமஸ்டர் தேர்வில் 'நீர் மாசு: ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக' என்று கேட்டிருந்தார்கள். எதைப் பற்றி எழுதினாய் என்று பிறகு கேட்டால் கங்கையைப் பற்றி எழுதினேன் என்கிறாள். கைடில் கங்கைதான் இருக்கிறது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அப்படி எழுதினால்தான் மார்க் வரும் என்று சொல்லிக்கொடுத்ததே நாம்தானே.

இதில் இன்னொரு கூத்து. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த தீர்ப்பில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்பதும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் வேலூர் என்ற பெயரைத் தாண்டாமல் போகமுடியாது. 2025 ஜனவரியில் மறுபடியும் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பு கொடுத்திருக்கிறது. வேலூரிலேயே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானில் பாதரசக் கழிவால் சீரழிந்த மினமாட்டா தெரிகிறது, இது தெரியவில்லை. (வரலாற்றுத் துறையிலும் இதே கதைதான், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த கோட்டை அங்கேயே நிற்கிறது, வகுப்பு ஒருநாளும் அங்கே போவதில்லை. அது வேறு கடிதம்.)

சரி, எப்படித்தான் செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். தலைகீழாகச் செய்யவேண்டும் என்பதுதான் என் கட்சி. யூனிட் பிரிப்பதற்கு முன்னால் கடைசித் தேர்வை எழுதுங்கள். இந்தத் தாளை முடித்துவிட்டு வெளியே போகும் ஒரு பையன் என்ன செய்யத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்று நாலைந்து வரி எழுதுங்கள், அதைச் சோதிக்கும் கேள்வியை உடனே பக்கத்தில் எழுதுங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எதெது தேவையோ அதை மட்டும் பாடத்தில் வையுங்கள்.

'கோர்ஸ் அவுட்கம்' என்று இப்போதே எழுதுகிறோமே என்பார்கள் சக ஆசிரியர்கள். எழுதுகிறோம்தான். "மாணவர் நீர் மாசு குறித்து அறிந்துகொள்வார்", "சுற்றுச்சூழலின் முக்கியத்துவத்தை உணர்வார்". உணர்ந்தாரா இல்லையா என்று எந்தத் தேர்வில் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு தாளின் கடைசியிலும் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? இடதுபக்கம் தாளின் நோக்கங்கள், மேலே பட்டப்படிப்பின் நோக்கங்கள், நடுவில் 3, 2, 1 என்று எண்கள். 3 என்றால் வலுவான தொடர்பு, 1 என்றால் சுமார். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வந்தால் முதலில் புரட்டுவது இதைத்தான். ஆகவே அதைக் கருத்தாக நிரப்புவோம். எல்லாக் கட்டத்திலும் 3 போட்டால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே 2 தூவிவிடுவோம், கடைசி வரிசையில் இரண்டு 1. அந்தக் கட்டத்தை நம்பி ஒரு ஆசிரியராவது வகுப்பில் எதையாவது மாற்றி நடத்தியதாக நான் பார்த்ததில்லை. நினைவிலிருந்து எழுதுவது (கே-1) முதல் புதிதாகப் படைப்பது (கே-6) வரை ஆறு படியாகப் பிரிக்கும் புளூம் வகைப்பாட்டின்படி கேள்வியின் தரத்தைக் குறிக்கச் சொல்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான், ஆனால் 'வரையறு' என்ற கேள்வியைச் 'சீர்தூக்கிப் பார்' என்று மாற்றிப் போட்டுவிட்டுக் கே-5 என்று குறித்தால் விடைத்தாளில் வருவது அதே நாலு வரிதானே.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மாணவர் தன் வீட்டுக் குடிநீரின் டிடிஎஸ் அளவை, அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவை, மீட்டரில் பார்த்து, அதை இந்தியத் தர அளவோடு ஒப்பிட்டு, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று வீட்டாருக்கு விளக்குவார்." டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு வகுப்புக்கு நாலு வாங்கினால் போதும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. இப்போது தேர்வுக் கேள்வி தானாக வந்துவிடும்: மூன்று கிணறுகளின் அளவு 480, 1350, 2600, எதைக் குடிக்கலாம், எதை வேறு வழியில்லாவிட்டால் மட்டும் குடிக்கலாம், எது கூடவே கூடாது? 480 காட்டும் கிணறு ஒரு பழைய தோல் ஷாப்பை ஒட்டி இருந்தால் உன் பதில் மாறுமா?

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைந்த உப்புகளையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டருக்கு அந்தத் துளியூண்டு குரோமியம் இருப்பதும் இல்லாததும் தெரியாது. 480 என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொல்பவன் ஒரு ரகம், குரோமியத்தைத் தனியாகச் சோதிக்கவேண்டும் என்று சொல்பவன் வேறு ரகம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலைபோல் கிடப்பதைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது இரண்டாவது பையனுக்குப் புரியும். இந்த ஒரு கேள்வியைத் திருத்த வெளியூர்க்காரரே வரட்டும், விடைக்குறிப்பு கொடுத்துவிட்டால் அவருக்கும் சிரமமில்லை.

அதேபோல ஊர்ப் பெயர் சொல்லாமலும் ஊரை உள்ளே கொண்டுவரலாம். "உங்கள் வட்டத்தில் உள்ள ஓர் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, யார் எதற்காக அடைத்தார்கள்?" அணைக்கட்டுக்காரன் ஒன்று எழுதுவான், குடியாத்தத்துப் பெண் வேறொன்று எழுதுவாள், போளூரிலிருந்து வருபவன் மூன்றாவதாக ஒன்றை எழுதுவான். ஏரியின் பெயருக்கும் இடத்துக்கும் 2, அடைப்பின் காரணத்துக்கு 4, மழைக்காலத்தில் அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்பதற்கு 4 என்று மார்க்கைப் பிரித்துக் கொடுத்தால் திருத்துபவர் அந்த ஏரியைப் பார்த்திருக்கவேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் இருகரை தொட்டு வெள்ளம் போனதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள், எழுதுவதற்கு விஷயம் இல்லாமல் போகாது.

அடுத்து நேரம். பாடத்திட்டம் போடுகிறவர்கள் யாருமே இதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமலே உலை வைப்பதுபோலத்தான் யூனிட்டுக்குள் தலைப்புகளைப் போட்டுக்கொண்டே போகிறோம். செமஸ்டருக்கு 90 வேலைநாள், ஆறுநாள் சுழற்சியில் 15 வாரம். இந்தத் தாளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 30. அதில் இரண்டு இன்டர்னல் தேர்வு, விளையாட்டு விழா, தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஆள் வராத நாட்கள், மழை விடுமுறை எல்லாம் போக 25 தேறினால் பெரிய விஷயம். 50 வகுப்புக்கு என்று போட்ட பாடத்தை 25 மணி நேரத்தில் நடத்த ஒரே வழி, நோட்ஸை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவது.

ஒவ்வொரு திருத்தத்திலும் சேர்க்கிறோம், எடுப்பதே இல்லை. பருவநிலை மாற்றம் வந்தது, மின்னணுக் கழிவு வந்தது, ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் வந்தன. எல்லாம் தேவைதான், யார் இல்லை என்றார்கள், ஆனால் அந்தப் பதினேழையும் வரிசையாக மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பையனுக்கு அதனால் என்ன லாபம்? ஒரு தலைப்பு உள்ளே வந்தால் ஒரு தலைப்பு வெளியே போகவேண்டும் என்று குழு விதி வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் வரையறை, நோக்கம், முக்கியத்துவம் மூன்றையும் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், உலக மாநாடுகளின் பட்டியலையும் கூடவே அனுப்பிவிடுவேன். தண்ணீர், குப்பை, வெயில், சட்டம் இந்த நாலு போதும் ஒரு செமஸ்டருக்கு. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. தகரக் கூரைக்கு அடியிலும் மரத்தடியிலும் ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கச் சொன்னால் அதுவே ஒரு வகுப்பு.

இப்போது மார்க். வெளித்தேர்வு 75, இன்டர்னல் 25. இந்த 25 முழுக்கக் கல்லூரியின் கையில் இருக்கிறது. இதை நாம் என்ன செய்கிறோம் என்றால், இரண்டு தேர்வு, வருகைப்பதிவு, ஓர் அசைன்மென்ட். அசைன்மென்ட் எப்படி இருக்கும் என்று பெற்றோருக்குத் தெரியும்: ஏ4 தாளில் சுற்றிலும் ஸ்கெட்ச் பென் பார்டர், முதல் பக்கத்தில் பூ, உள்ளே கைடில் இருந்து இறக்கிய எட்டுப் பக்கம். அறுபது பேரும் ஒரே எட்டுப் பக்கம். நானும் கையெழுத்துப் போடுகிறேன், அவர்களும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த மார்க்குக்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டுக் குப்பையை மட்கும் குப்பை, மட்காத குப்பை, மருந்து பேட்டரி போன்ற அபாயக் குப்பை என்று பிரித்து எடைபோட்டு எழுதிவரச் சொல்லலாமே. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவைதான். அறுபது வீட்டுக் கணக்கும் ஒரே நாளில் கரும்பலகைக்கு வந்தால் சராசரி எடுக்கலாம். கணிதத் துறைப் பையன் சும்மா இருக்கமாட்டான், யார் வீட்டுக் கணக்கு பொய் என்று கண்டுபிடித்துவிடுவான். இதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், எந்தக் குழுவும் கூடவேண்டாம்.

வெளியே அழைத்துப்போவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர், பெண் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அனுமதிக் கடிதம், பஸ் வாடகை, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, இரண்டாம் ஷிப்ட் மாணவர்கள் மாலையில் வீட்டுக்குப் போகவேண்டாமா... நியாயமான கேள்விகள்தான். தோல் ஷாப்புக்குள் விடவும் மாட்டார்கள். அதனால்தான் வீட்டையும் தெருவையும் களமாக வைக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் தினமும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தானே வருகிறார்கள், தனியாக பஸ் பிடிக்க என்ன இருக்கிறது?

புத்தகப் பட்டியல் பற்றி ஒரே வார்த்தை. ஏழெட்டுப் பெயர் போட்டிருப்போம், நூலகத்தில் இருப்பது ஒன்றோ இரண்டோ. மாணவர் கைக்கு வராத புத்தகத்தைப் பட்டியலில் போடக்கூடாது. 1996 தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலிருந்து மூன்று பக்கம் எடுத்து வரிவரியாகத் தமிழில் விளக்கி நடத்தினால் ஒரு வாரத்துக்குப் போதும்.

இதையெல்லாம்விட முக்கியமாக எனக்குப் படுவது, பாடத்திட்டம் யாருக்காக எழுதப்படுகிறது என்பது. இப்போது அது கேள்வித்தாள் எடுப்பவருக்காகவும் ஆய்வுக் குழுவுக்காகவும் எழுதப்படுகிறது. மாணவர் அதைக் கண்ணால் பார்ப்பதே தேர்வுக்கு முந்தின வாரம் டெலிகிராமில் யாராவது பிடிஎஃப் போட்டால்தான். முதல் நாள் வகுப்பிலேயே ஒரே ஒரு தாள் கையில் கொடுத்தால் என்ன? எந்த வாரம் எது, எந்தத் தேதியில் என்ன கொடுக்கவேண்டும், எதற்கு எத்தனை மார்க், இரண்டு நாள் வராமல் போனால் எப்படி ஈடுகட்டுவது, ஆசிரியரை எப்போது எங்கே பார்க்கலாம். வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அதிகம், இன்டர்னல் என்றால் என்ன, அரியர் எப்படி விழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அவர்களுக்கு 3, 2, 1 கட்டத்தால் ஒரு பயனும் இல்லை, இந்த ஒரு தாளால் உண்டு.

கடைசியாக உங்கள் வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளியிலிருந்து இரண்டு வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் கடைசி இரண்டு பேரும் பெரும்பாலும் காபி சமோசா சாப்பிட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை, காலை பத்தரைக்குக் கூட்டம், பத்தேகாலுக்குத்தான் பாடத்திட்ட ஃபைலையே கையில் கொடுப்போம், மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று வருடத்துக்கான அத்தனை தாளும் பாஸ் ஆகவேண்டும். உங்களில் தோல் தொழிலில், சுத்திகரிப்பு நிலையத்தில், பொதுப்பணித் துறையில், மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே வரைவைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் போன வருடக் கேள்வித்தாளையும் சேர்த்துக் கேளுங்கள். தருவதற்குத் தயங்குவார்கள், விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்,
வேலூர்.